ஆஞ்சியோவுக்கு மணிக்கட்டு ஏன்?

இதய ரத்தக்குழாய் அடைப்பைப் பார்க்க முன்பெல்லாம் தொடை இடுக்கு வழியாகத்தான் குழாய் விடுவார்கள். இப்போது பெரும்பாலும் மணிக்கட்டுதான். ஏன்?

தொடைத் தமனி பெரியது. குழாய் சுலபமாக நுழையும். சிக்கல் குழாயை எடுத்த பிறகுதான். ரத்தம் உறையாமலிருக்க மருந்து வேறு கொடுத்திருப்பார்கள். துளை சரியாக மூடாவிட்டால் ரத்தம் வெளியே தெரியாமல் வயிற்றின் பின்புறம் தேங்கலாம். ரத்த அழுத்தம் சரியும்போதுதான் சந்தேகமே வரும். மணிக்கட்டில் ரத்தம் ஒளிய இடமில்லை. தமனி தோலுக்குச் சற்று அடியில், எலும்பை ஒட்டி ஓடுகிறது. பட்டை கட்டி அழுத்தினால் கசிவு நின்றுவிடும். தப்பித்தவறி அந்தத் தமனி அடைபட்டாலும், சுண்டுவிரல் பக்கத்துத் தமனி பெரும்பாலும் கைக்கு ரத்தம் கொடுத்துவிடும்.

1989இல் மான்ட்ரியல் மருத்துவர் லூசியன் காம்போ இந்த வழியை வெளியிட்டார். ஆனால் தமனி சிறியது, சட்டென்று இறுகிக்கொள்ளும். கை பழக வேண்டும். அதனால் பரவத் தாமதமாயிற்று. ஐரோப்பாவில் 8,404 நோயாளிகளிடம் நடந்த மேட்ரிக்ஸ் ஆய்வில் (2015), 30 நாள் இறப்பு தொடை வழியில் 2.2 சதவீதம், மணிக்கட்டு வழியில் 1.6.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பின்னாளில் டயாலிசிஸுக்கு மணிக்கட்டுத் தமனி தேவைப்படலாம்.