சித்தி போகும் நாள்

குற்றாலத்துச் சாரலில் ஒரு முறையேனும் நனையாதவர்கள் நமது வாசகர்களில் மிகச் சிலரே இருக்கக் கூடும். ஆனி, ஆடி மாதங்களில் தென்காசி ரயில் நிலையத்தில் இறங்கியவுடன் முகத்தில் வந்து படும் குளிர்ந்த காற்றையும், அருவியின் இரைச்சலையும், ஸ்நானம் முடிந்த பின் வயிற்றில் மூளும் பசியையும் இங்கே வர்ணிக்க வேண்டியதில்லை. ஆனால் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே மலையை நிமிர்ந்து பார்க்கும் நாம், அந்த மலை தெற்கே எங்கே போகிறதென்று யோசிப்பது கிடையாது. தென்காசியை விட்டுக் கடையம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி என்று மலையை வலப்புறத்தில் வைத்துக்கொண்டே சென்று, களக்காட்டையும் தாண்டினால், டோனாவூர் என்னும் சிற்றூர் வருகிறது. ரேனியஸ் பாதிரியார் திருநெல்வேலிச் சீமையில் ஊழியம் செய்த காலத்தில், டோனா என்ற ஜெர்மானியப் பிரபு கொடுத்த பொருளுதவியால் உண்டான ஊர் அது. பிரபுவின் பெயரோடு நமது 'ஊர்' ஒட்டிக்கொண்டு, கேட்பவர்களுக்கு ஏதோ பழைய தமிழ்ப் பெயர் போலவே ஒலிக்கிறது.

அந்த ஊரிலுள்ள குழந்தைகள் இல்லத்தில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. குழந்தைகளை வளர்க்கும் இந்தியப் பெண்மணிகளை அவர்கள் 'அக்காள்' என்று அழைத்தார்கள். கடல் கடந்து வந்த வெள்ளைக்காரப் பெண்மணிகள் 'சித்தி' ஆனார்கள். ஆண்களுக்கு, திருநெல்வேலி வழக்கப்படியே, 'அண்ணாச்சி'. இல்லத்தின் தலைவியோ 'அம்மை'. ஆஸ்பத்திரியில் நர்ஸை நர்ஸ் என்று கூப்பிடுகிறோம். வேலை நேரம் முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போவாள், அதில் யாருக்கும் வருத்தமில்லை. சித்தி என்று ஒரு குழந்தை கூப்பிட்டுவிட்டாலோ சங்கதி வேறு. சித்தி எப்படிப் போவாள்? ஏன் போகிறாள்?

குறிப்பிட்ட சில காலத்துக்கு மட்டும் தொண்டு செய்ய வரும் தாதிகளைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது, இந்தக் கேள்விதான் என் முன் நின்றது.

இல்லத்தை நிறுவிய ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1867-ம் வருஷம் அயர்லாந்தின் வட பகுதியில் பிறந்தவர். அவருடைய முதல் தொண்டே குறுகிய காலத் தொண்டாகத்தான் முடிந்தது. 1893-ல் ஜப்பானுக்குப் போனார். சுமார் பதினைந்து மாதத்தில் உடல்நலம் குன்றி அங்கிருந்து புறப்பட்டார். இலங்கையில் சிறிது காலம் தங்கினார். அங்கிருந்தும் தாய்நாடு திரும்பினார். 1895-ம் வருஷக் கடைசியில் அவர் இந்தியாவில் வந்து இறங்கியபோது, இந்தப் பெண்மணி இங்கே ஐம்பத்தைந்து வருஷம் இருக்கப் போகிறார், ஒரு தடவை கூட ஊருக்குத் திரும்பமாட்டார் என்று யாரும் நினைத்திருக்க நியாயமில்லை.

1901-ம் வருஷம் மார்ச் மாதம், கோயிலுக்குப் பொட்டுக் கட்டுவதற்காக வைத்திருந்த வீட்டிலிருந்து ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி ஓடி அவரிடம் வந்து சேர்ந்தாள். அவளுக்குப் பின் மற்றச் சிறுமிகள் வந்தனர். சிறுமிகளுக்குப் பின் கைக்குழந்தைகள் வந்தன. கஷ்டம் அங்கேதான் ஆரம்பமாயிற்று. ஏழு வயதுப் பெண்ணுக்குச் சோறு போட்டுப் பாடம் சொல்லிக் கொடுத்தால் போதும். பிறந்து சில நாளே ஆன சிசுவை, தாய்ப்பால் இல்லாமல், திருநெல்வேலி வெயிலில், வைத்தியர் இல்லாத கிராமத்தில் உயிரோடு வைத்திருப்பது எப்படி? சில சிசுக்கள் இறந்தன. அம்மையார் நர்ஸ் வேலை பயின்றவர் அல்லர்.

ஆகவே கைக்குழந்தைகளை நெய்யூருக்கு அனுப்ப ஏற்பாடாயிற்று. அக்காலத்தில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த அவ்வூரில் லண்டன் மிஷன் வைத்தியசாலை இருந்தது. அங்கே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஏற்றவர் பொன்னம்மாள் என்ற தமிழ்ப் பெண்மணி. இளம் வயதிலேயே கணவனை இழந்தவர். ஏமி அம்மையாரோடு கிராமம் கிராமமாகச் சென்ற பெண்கள் குழுவில் இருந்தவர். அந்த நாளில் ஊரார் வாயைப் பிளக்கும்படி நகைகளைக் கழற்றி வைத்தவர். பாலை எவ்வளவு நீர் விட்டுக் காய்ச்ச வேண்டும், எந்தக் குழந்தைக்கு எத்தனை நாழிகைக்கு ஒரு தரம் புகட்ட வேண்டும் என்பதையெல்லாம் வைத்தியர்களிடம் கேட்டுக் கற்றுக்கொண்டு, மற்றப் பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்தார். 1907-ல்தான் யார்க்ஷயரிலிருந்து மேபெல் வேட் என்ற பயிற்சி பெற்ற நர்ஸ் வந்து சேர்ந்தார். ஆக, முதல் நர்ஸ் யார் என்று கேட்டால், சர்டிபிகேட்டைப் பார்க்கிறவர்கள் மேபெல் அம்மையின் பெயரைச் சொல்லலாம். நான் பொன்னம்மாளின் பெயரைச் சொல்வேன். 1915-ம் வருஷம் புற்றுநோயால் அவர் இறந்தபோது, ஏமி அம்மையார் இழந்தது தமது வலது கையையே. அவருடைய வாழ்க்கையைத் தனிப் புத்தகமாகவும் எழுதினார்.

இங்கே வாசகர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். குழந்தைகளைக் கிறிஸ்தவர்களாக வளர்த்தார்களே என்பார்கள். உண்மைதான், அதை அவர்கள் ஒளிக்கவுமில்லை. 1903-ல் ஏமி அம்மையார் வெளியிட்ட புத்தகம் நமது நாட்டின் இருண்ட பக்கத்தையே காட்டியதென்று மிஷனரிகளிலேயே சிலர் கோபித்துக்கொண்டார்கள். அந்தக் கோபத்தில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆனால் பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்கவேண்டுமென்று, நமது நாட்டிலேயே பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டசபையில் போராடினார். 1947-ம் வருஷத்தில்தான் அதற்குச் சட்டம் வந்தது. தப்பி வந்த பெண்களுக்கு இடம் வேண்டுமென்று அந்த அம்மையார் ஔவை இல்லத்தை ஆரம்பித்ததையும் நினைத்துப் பார்த்தால், டோனாவூரில் தொட்டிலில் கிடந்த சிசுக்கள் கற்பனையல்ல என்பது விளங்கும்.

குறுகிய காலத் தொண்டுக்கு வருகிறேன். டோனாவூரில் சம்பளம் கிடையாது. வருகிறவர்கள் ஆயுள் முழுவதும் தங்குவார்கள் என்பதே எதிர்பார்ப்பு. எல்லோரும் தங்கவில்லை. பின்னாளில் திருநெல்வேலி பிஷப்பாக விளங்கிய ஸ்டீபன் நீல், 1924-ல் பெற்றோருடன் வந்து, அபிப்பிராய பேதத்தால் சீக்கிரமே விலகிச் சென்றார். பெரியவர்களுக்குள் நேரும் பேதத்தைப் பெரியவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். இடுப்பிலிருந்து இறக்கிவிடப்பட்ட குழந்தையின் கணக்கு வேறு.

அந்தக் கணக்கை ரெனே ஸ்பிட்ஸ் என்ற வைத்தியர் 1945-ல் எழுதிக் காட்டினார். இரண்டு இடங்களை அவர் ஒப்பிட்டார். ஒன்று, சிறைச்சாலையில் கைதிகளான தாய்மார்களே தங்கள் சிசுக்களைப் பார்த்துக்கொண்ட இடம். மற்றொன்று, சுத்தமும் நல்ல உணவும் வைத்திய உதவியும் நிறைந்த அநாதைச் சிசு இல்லம். ஆனால் அங்கே ஒரு நர்ஸ் பல குழந்தைகளைக் கவனிக்க வேண்டியிருந்தது. சிறைச்சாலைச் சிசுக்கள் நன்றாக வளர்ந்தன. அநாதை இல்லத்திலோ, மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை இரண்டு வருஷத்துக்குள் இறந்துவிட்டன. ஜான் பௌல்பி என்ற ஆங்கிலேய வைத்தியர் 1951-ல் உலக சுகாதார ஸ்தாபனத்துக்கு எழுதிய அறிக்கையும், ஒரே முகம் தொடர்ந்து அருகில் இருக்க வேண்டிய அவசியத்தையே வற்புறுத்திற்று.

இப்போதும் உலகெங்கும் இளம் நர்ஸுகள் ஆறு வாரம், மூன்று மாதம் என்று குழந்தைகள் இல்லங்களுக்குப் போகிறார்கள். நமது நாட்டில் சுற்றுலா விசாவில் வந்து மிஷன் வேலை செய்யச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. குழந்தைகள் இல்லங்களும் 2015-ம் வருஷத்துச் சட்டப்படி பதிவு செய்யப்பட வேண்டும். சட்டம் இருக்கட்டும். நல்ல மனத்துடன் வருகிற அந்தப் பெண் என்ன செய்ய வேண்டும்? குழந்தையை எடுத்துக் கொஞ்சாதே என்று சொல்ல நமக்கு மனம் வராது. ஆயினும், அழுகிற குழந்தையைத் தூக்கும் கை அக்காளுடையதாக இருக்கட்டும். அந்த அக்காளுக்குப் புண்ணைக் கழுவிக் கட்டவும், ஜுரக் கணக்கு எழுதவும், வயிற்றுப் போக்குக் கண்ட சிசுவுக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை அளவறிந்து புகட்டவும் சொல்லிக் கொடுக்கட்டும். புறப்படும் தேதியைக் கடைசி நாள் வரை மறைத்து வைத்து, குழந்தைகள் தூங்கும் வேளையில் மோட்டாரில் ஏறுவது மட்டும் கூடாது. நம் வீடுகளிலேயே வேலைக்குப் போகும் தாய்மார்கள் குழந்தையை ஏய்த்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் போவதுண்டு; அதன் பிறகு குழந்தை வாசற்படியை விட்டு அசையாமல் உட்கார்ந்திருப்பதைக் கண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ஏமி அம்மையார் 1931-ல் தவறி விழுந்து, அதன் பின் ஏறக்குறைய இருபது வருஷம் தமது அறையை விட்டு வெளியே நடமாட முடியாமல் கிடந்தார். எழுதிக்கொண்டே இருந்தார். ஒரு காலத்தில் சர்க்கார் கொடுத்த கெய்ஸர்-இ-ஹிந்த் பதக்கத்தை அரை மனத்தோடு ஏற்றவர், தமது சமாதியின் மேல் கல் நாட்டக் கூடாதென்றும் சொல்லியிருந்தார். 1951-ம் வருஷம் ஜனவரி 18-ந் தேதி காலமானார். அவரை அடக்கம் செய்த இடத்தில் பறவைகள் நீர் குடிப்பதற்கு ஒரு தொட்டி வைத்தார்கள். அதில் 'அம்மை' என்ற ஒரு சொல்தான் பொறித்திருக்கிறது.