வீசவும் வேண்டும், பிடித்து நிறுத்தவும் வேண்டும்

ஜனவரி பிறந்ததும் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலக் கிழக்குக் கரைக்குக் கருமுனைச் சுறாக்கள் வரத் தொடங்கும். வடக்கே தண்ணீர் குளிர்ந்துவிட்டதால் வெதுவெதுப்பைத் தேடி இறங்கும் கூட்டம் அது. மார்ச் வரை பாம் பீச் பகுதியில் சிறு விமானத்திலிருந்து பார்த்தால், கரையோரப் பச்சைத் தண்ணீரில் கறுப்புக் கீற்றுகளாக ஆயிரக்கணக்கில் தெரியும். ஃபுளோரிடா அட்லாண்டிக் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் கஜியூராவும் அவர் குழுவினரும் இப்படிப் பறந்துதான் அவற்றை எண்ணினார்கள். ஒரே நேரத்தில் பத்தாயிரத்துக்கும் மேல், அதுவும் பெரும்பாலும் கரையிலிருந்து சுமார் 200 மீட்டருக்குள்.

மணலில் நின்று தூண்டில் வீசினாலே எட்டிவிடும் தொலைவு அது. கயாக்கில் ஏறி இரையைச் சில நூறு மீட்டர் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருபவர்களும் அங்கே உண்டு. அவர்களுக்கு, தூண்டில் நரம்பைச் சுற்றிவைக்கும் ரீலின் தேர்வில் பெரிய குழப்பம் இல்லை. வீசும் வேலையே இல்லாததால், தூக்க முடிந்த அளவுக்குப் பெரிய ரீலை வாங்கிக்கொள்ளலாம். கையால் வீசுகிறவர்தான் இக்கட்டில் மாட்டுகிறார்.

ஏனென்றால் கருமுனைச் சுறாவைத் தின்ன இன்னொன்று அதன் பின்னாலேயே வருகிறது: பெரிய கொம்பன் சுறா. 4 மீட்டரையும் தாண்டி வளரக்கூடியது. உலக அளவில் அழிவின் விளிம்பில் இருப்பதாகப் பட்டியலிடப்பட்டது. ஃபுளோரிடா கடலில் 2012 முதல் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தடை. 30 கிலோ மீனுக்காக வீசிய இரையை எந்தச் சுறா கவ்வும் என்பது வீசியவர் கையில் இல்லை. தடை செய்யப்பட்ட சுறா மாட்டினால் அதை உயிரோடு விட்டாக வேண்டும். அது உயிரோடு போகுமா என்பதில் ரீலுக்குப் பெரும் பங்கு உண்டு. விளையாட்டுக் கருவியாக மட்டும் ரீலைப் பார்ப்பவர்கள் கவனிக்கத் தவறும் இடம் இதுதான்.

முதலில் வீச்சைப் பார்ப்போம். 200 கிராம் ஈயக்குண்டும் ஒரு துண்டு மீனும் நூறு மீட்டருக்கு அப்பால் விழ வேண்டுமானால், கோலின் நுனியை விட்டுப் புறப்படும்போது வேகம் நொடிக்கு 40 மீட்டர் அளவில் இருக்க வேண்டும். நரம்பு சுற்றிய ஸ்பூலின் விட்டம் 6 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 19 சென்டிமீட்டர் நரம்பு வெளியேறும். நொடிக்கு 40 மீட்டர் வெளியேற ஸ்பூல் நொடிக்கு 200 தடவைக்கு மேல், அதாவது நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல் சுழல வேண்டும். ஓய்விலிருந்து இந்த வேகத்தை ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் அது எட்டியாக வேண்டும்.

ஸ்பூலை அந்த வேகத்துக்குக் கொண்டுபோவது ஈயக்குண்டின் இழுவை. ஆனால் குண்டு பறக்கத் தொடங்கியதுமே காற்று அதன் வேகத்தைக் குறைக்கிறது. ஸ்பூலுக்கு அந்தத் தடை இல்லை. முடுக்கிய வேகத்திலேயே சுழன்றுகொண்டிருக்கும். வெளியே போகும் நரம்பைவிட ஸ்பூல் அவிழ்க்கும் நரம்பு அதிகமாகிவிட்டால், மிஞ்சியது வளையம் வளையமாக மேலே எழுந்து, அடுத்த சுற்றில் மாட்டிச் சிக்காகிறது. அந்தக் கணத்தில் ஸ்பூல் படக்கென்று நின்றுவிடும். பறந்துகொண்டிருந்த குண்டு நரம்பை அறுத்துக்கொண்டு தனியே போய்விடும். கரையோரம் நீந்துகிறவர் யாராவது இருந்தால் ஆபத்து.

ஸ்பூலின் எடை கூடக் கூட இந்தத் தொல்லையும் கூடும். எடையைவிட, அந்த எடை அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது இன்னும் முக்கியம். தூரம் இரட்டிப்பானால் சுழல் நிலைமம் நான்கு மடங்காகும். சுறாவுக்கென்று 500 மீட்டர் நரம்பைச் சுமக்கும் பருத்த ஸ்பூல், வீச்சுக்கு எதிரி ஆவது இப்படித்தான்.

அந்தச் சுழற்சியை அடக்க மூன்று வழிகள் உண்டு. ஒன்று கட்டைவிரல், ஸ்பூலின் மேல் லேசாக வைத்தபடி, குண்டு தண்ணீரைத் தொடும் நொடியில் அழுத்துவது. பழகியவர்களுக்கு இதற்கு மிஞ்சியது கிடையாது. இரண்டாவது, ஸ்பூலின் ஓரத்தில் இருக்கும் சிறு கட்டைகள். வேகம் கூடும்போது வெளிப்பக்கம் தள்ளப்பட்டு, வளையத்தில் உரசும். மூன்றாவது காந்தம். அலுமினிய ஸ்பூலைக் காந்தம் ஈர்க்காது. ஆனால் காந்தப் புலத்தில் அலுமினியம் சுழலும்போது அதற்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகி, தன்னை உண்டாக்கிய அசைவையே எதிர்க்கும். ஹைன்ரிக் லென்ஸ் 1834-ல் வகுத்த விதி இது. ஸ்பூல் வேகமாகச் சுழலும்போது எதிர்ப்பு அதிகம், மெதுவானால் குறைவு. எதுவும் எதையும் தொடுவதில்லை, தேய்மானமும் இல்லை. இருட்டிய பிறகு, காற்று எதிரே அடிக்கும்போது வீசுகிறவர்களுக்கு, வெளியிலிருந்தே திருகிக் கூட்டிக் குறைக்கக்கூடிய காந்த பிரேக்கைத்தான் சிபாரிசு செய்வேன்.

இனி எல்லாம் தலைகீழ். சுறா கவ்வி ஓடத் தொடங்கியதும், இவ்வளவு நேரம் தடையின்றிச் சுழல வேண்டியிருந்த அதே ஸ்பூல் இப்போது கனத்த தடையோடு, ஆனால் வெட்டிவெட்டி இழுக்காமல் சுழல வேண்டும். இந்தத் தடைக்குத்தான் டிராக் என்று பெயர். பழைய ரீல்களில் இது கிடையாது. ஸ்பூலின் மேல் ஒரு தோல் துண்டு. அதைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். மீன் ஓடினால் கைப்பிடியும் பின்னோக்கிச் சுழன்று விரல் முட்டிகளைப் பதம்பார்க்கும். வில்லியம் போஷன் என்பவர் யோசனை சொல்ல, ஜூலியஸ் வாம் ஹோஃப் செய்துகொடுத்த ரீலில்தான் நட்சத்திர வடிவத் திருகும் உள்ளே அடுக்கு வாஷர்களும் வந்தன. 1913-ல் கலிஃபோர்னியாவின் கேட்டலினா தீவருகே போஷன் அதைக் கொண்டு வாள்மீன் பிடித்தார். கோலும் ரீலும் கொண்டு பிடிக்கப்பட்ட முதல் வாள்மீனாக அது பதிவாகியிருக்கிறது. பிலடெல்ஃபியாவில் 1932-ல் தொடங்கிய பென் நிறுவனம் 1936-ல் கொண்டுவந்த செனட்டர் வரிசையும் நட்சத்திரத் திருகு வகையே. இன்றும் அமெரிக்கக் கரைகளில் அதைக் காணலாம்.

டிராக்கின் உள்ளே நடப்பது வெறும் உராய்வுதான், ஆனால் அளவு பெரிது. 10 கிலோ இழுவிசைக்கு எதிராகச் சுறா நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடினால், வாஷர்களில் பிறக்கும் வெப்பம் ஏறக்குறைய 490 வாட். அரை இஸ்திரிப் பெட்டியின் சூட்டை, உள்ளங்கைக்குள் அடங்கும் சில வட்டத் தகடுகள் தாங்க வேண்டும். தோலும் நார் அட்டையும் இந்தச் சூட்டில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். கார்பன் நார் வாஷர்கள் வந்தபிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது. அவற்றில் இன்னொரு நன்மையும் உண்டு. நின்ற நிலையிலிருந்து நகரத் தொடங்கத் தேவையான விசையும், நகர்ந்தபின் தேவையான விசையும் கிட்டத்தட்ட ஒன்றே. இந்த இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருக்கும் ரீலில், சுறா திடீரென்று பாயும் முதல் நொடியிலேயே நரம்பு அறுபடும்.

வாங்கும்போது பலர் பெட்டியின் மேல் போட்டிருக்கும் ‘அதிகபட்ச டிராக்’ எண்ணைப் பார்க்கிறார்கள். அந்த எண்ணை நம்பி வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. வாஷர்கள் தருவது ஒரு திருப்புவிசை. நரம்பில் உணரப்படும் இழுவை, அந்தத் திருப்புவிசையை ஸ்பூலில் மிச்சமிருக்கும் நரம்புச் சுற்றின் ஆரத்தால் வகுத்தால் கிடைப்பது. முழு ஸ்பூலில் 6 சென்டிமீட்டர் விட்டத்தில் 5 கிலோ என்று வைத்த டிராக், நரம்பு வெளியேறி விட்டம் 4 சென்டிமீட்டராகும்போது, திருகை யாரும் தொடாமலே 7.5 கிலோ ஆகிவிடும். 3 சென்டிமீட்டரில் 10 கிலோ. வெளியே கிடக்கும் நூற்றுக்கணக்கான மீட்டர் நரம்பைத் தண்ணீர் இழுக்கும் இழுவை இதற்கு மேல். நரம்பின் வலுவில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் டிராக்கை வைக்க வேண்டும் என்று மூத்தவர்கள் சொல்லிவைத்த கணக்கின் காரணம் இதில் இருக்கிறது.

ஆகவே நடு உருளை பருத்த ஸ்பூல் நல்லது; ஆனால் அதில் நரம்புக்கு இடம் குறைவு. இங்கே கைகொடுப்பது பின்னல் நரம்பு. 0.50 மி.மீ. நைலானுக்குப் பதில் 0.36 மி.மீ. பின்னல் நரம்பைச் சுற்றினால், அதே இடத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம் கொள்ளும்; வலுவும் குறையாது. பின்னல் நரம்பின் பலவீனம் உரசல். சுறாவின் தோலில் நுண்ணிய பற்களைப் போன்ற செதில்கள் அடர்ந்திருக்கின்றன. வால் ஒருமுறை நரம்பின் மேல் தேய்ந்தால் போதும். அதனால் அடியில் பின்னல், மேலே நூறு மீட்டருக்குமேல் நைலான், அதன் முனையில் வீச்சின் அதிர்ச்சியைத் தாங்கத் தடித்த நைலான் என்று அடுக்குவார்கள். குண்டின் ஒவ்வொரு 28 கிராமுக்கும் 4.5 கிலோ வலு என்பது அந்தத் தடித்த நரம்புக்கான கணக்கு. 225 கிராம் குண்டுக்கு 36 கிலோ. முள்ளுக்கு அருகே மட்டும் எஃகுக் கம்பி. பின்னல் நரம்பை வழவழப்பான ஸ்பூலில் நேராகக் கட்டினால் மொத்தச் சுற்றும் வழுக்கும், அடியில் கொஞ்சம் நைலான் சுற்றிக்கொள்ள வேண்டும்.

பல்சக்கர விகிதத்திலும் இதே இழுபறி. கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஸ்பூல் ஆறு சுற்று சுற்றும் ரீல், கரையை நோக்கிப் பாய்ந்து வரும் சுறாவின் தொய்ந்த நரம்பை வேகமாக வாரிக்கொள்ளும். ஆனால் 8 கிலோ பாரத்தை, 3 சென்டிமீட்டர் ஆரத்தில், 9 சென்டிமீட்டர் நீளக் கைப்பிடியால் சுற்ற வேண்டுமானால், கை தர வேண்டிய விசை 16 கிலோ. யாராலும் தொடர்ந்து முடியாது. நான்கு சுற்று விகிதத்தில் 11 கிலோவுக்குள் அடங்கும். கோலைத் தூக்கி இழுத்து, தாழ்த்தும்போது மட்டும் சுற்றுகிறவர்களுக்கு, ஐந்தை ஒட்டிய விகிதமும் நீண்ட கைப்பிடியும் பொருந்தும் என்பது என் கணிப்பு. இரண்டு வேக ரீல்கள் பெரும்பாலும் நெம்புகோல் டிராக் வகை. கனமானவை, கயாக்கில் இரை கொண்டுபோகிறவர்களுக்கே ஏற்றவை. நட்சத்திரத் திருகு ரீலில், வீச்சின்போது ஸ்பூல் பல்சக்கரத்திலிருந்து முழுதாக விடுபட்டு, பேரிங்கின் மேல் மட்டும் சுழல்கிறது. கையால் வீசுகிறவர் அதைத் தேர்வது நல்லது.

சுறாவின் பக்கம் நடப்பது இன்னும் கடுமையானது. கருமுனையும் கொம்பனும் நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுள்களில் போதிய தண்ணீர் பாயும். தூண்டிலில் போராடும்போது அவற்றின் வெண்தசைகள் ஆக்சிஜன் இல்லாமலே எரிபொருளை எரிக்கின்றன. இரத்தத்தில் லாக்டேட் ஏறி, அமிலத்தன்மை கூடுகிறது. மியாமி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட ஆய்வில் ஐந்து வகைச் சுறாக்களை ஒப்பிட்டார்கள். புலிச்சுறா பிடிபட்டு விடப்பட்டதை நன்றாகவே தாங்கியது. கொம்பன் சுறாவோ மற்ற நான்கையும்விட மோசமாகப் பாதிக்கப்பட்டது. நீந்திப் போனதுபோல் தெரிந்த கொம்பன், பிறகு இறந்துபோகக்கூடும்.

2019 ஜூலை 1 முதல் ஃபுளோரிடாவில் கரையிலிருந்து சுறா பிடிக்கத் தனி அனுமதி வேண்டும். கட்டணம் இல்லை, ஆனால் 16 வயது நிரம்பியவர்கள் ஒரு பாடத்தைப் படித்து முடிக்க வேண்டும். மீன் கழிவைக் கொட்டிச் சுறாவைக் கரைக்கு இழுப்பது கூடாது. இயற்கை இரை வைக்கும் முள் வட்ட வடிவில், துருப்பிடித்து உதிரக்கூடிய உலோகத்தில் இருக்க வேண்டும். தடை செய்யப்பட்ட சுறாவைத் தண்ணீரிலிருந்து எடுக்காமல், தாமதமின்றி விட வேண்டும். கம்பியையோ முள்ளையோ சட்டென்று வெட்டும் கருவி கையில் இருந்தாக வேண்டும். நான் முழு மனதோடு ஆதரிக்கும் விதிகள் இவை. ஆனால் இவை பெரும்பாலும் சுறா கரைக்கு வந்தபின் நடப்பதைப் பற்றியவை. வருவதற்குமுன் அது எவ்வளவு நேரம் போராடியது என்பதை ரீலும் நரம்பும்தான் முடிவு செய்கின்றன. இலேசான கருவியில் பெரிய மீனை அடக்குவதைத் திறமையாகக் கொண்டாடும் பழக்கத்தைச் சுறா விஷயத்தில் விட்டுவிட வேண்டும்.

ரீலை வாங்கி நரம்பு சுற்றியதும், கடலுக்குப் போகுமுன் ஒரு ஸ்பிரிங் தராசு போதும். நரம்பின் முனையைத் தராசில் கட்டி, நரம்பின் வலுவில் மூன்றில் ஒரு பங்கில் டிராக் வழுக்கும்படி திருகை வையுங்கள். பிறகு முள் இல்லாமல் 250 மீட்டர் நரம்பை மைதானத்தில் இழுத்துவிட்டு, திருகைத் தொடாமல், ரீலருகே தராசைக் கட்டி மறுபடி அளந்து பாருங்கள். இரண்டாவது அளவு நரம்பின் வலுவில் பாதியைத் தாண்டினால் அந்த ஸ்பூல் இந்த வேலைக்குச் சிறியது. டிராக்கைத் தளர்த்திச் சமாளிக்கப் பார்த்தால் நரம்பு பிழைக்கும். சுறாவின் ஓட்டம்தான் நீளும்.