பனிக்காலமும் பைசிக்கிளும்

மார்கழி விடியற்காலையின் பெருமையை அறியாதவர் நம்மில் யார்? வாசலில் கோலம், கோயிலில் வெண்பொங்கல், தெருவில் பஜனை கோஷ்டி என்று அந்த வேளைக்கு எத்தனையோ அழகுகள் உண்டு. ஆனால் அதே வேளையில், அதே இருளில், இன்னொருவரும் விழித்திருக்கிறார். தலையில் துண்டை இறுகக் கட்டிக்கொண்டு, சாப்பாட்டுத் தூக்கை ஹாண்டில்பாரில் மாட்டிக்கொண்டு, திண்ணையோரம் சார்த்தியிருந்த சைக்கிளைத் தெருவில் இறக்குகிறார். அவர் கோயிலுக்குப் போகவில்லை, வேலைக்குப் போகிறார். அவரைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுதவேண்டும் என்பது எனக்கு வெகு நாளைய எண்ணம்.

அரியலூர் மாவட்டம் செந்துறை வட்டத்தைச் சேர்ந்தது ஆலத்தியூர். பல கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பக்கத்து நிலமெல்லாம் கடலடியாய்க் கிடந்தது. அந்தக் கடல் விட்டுச் சென்ற சுண்ணாம்புக்கல்தான் இன்று இவ்வட்டாரத்தின் செல்வம். மதராஸ் சிமெண்ட்ஸ் என்று பெயர் கொண்டிருந்து, 2013-ல் ராம்கோ சிமெண்ட்ஸ் எனப் பெயர் மாறிய கம்பெனியார் 1997-ல் ஆலத்தியூரில் சிமெண்டு ஆலையைத் தொடங்கினார்கள். மாவட்டத்தில் வேறு ஆலைகளும் இருக்கின்றன. சிமெண்டுச் சூளையின் உள்ளே கல் சுமார் 1,450 டிகிரி உஷ்ணத்தில் வேகிறது. வீட்டு அடுப்பைப்போல் இரவில் அணைத்துக் காலையில் மூட்டக்கூடிய சமாசாரமல்ல அது. ஆகவே இத்தகைய ஆலைகளில் இரவும் பகலும் முறை வைத்து வேலை நடக்கிறது. காலை முறைக்குச் செல்பவர் பொழுது விடியுமுன்பே புறப்பட்டாக வேண்டும்.

இதில் சூரிய பகவானும் நமக்குச் சற்று ஓரவஞ்சனை செய்கிறார். இந்தியாவின் கடிகாரம் 82½ பாகை தீர்க்கரேகையை அனுசரிப்பது. அரியலூரோ 79 பாகையை ஒட்டி இருக்கிறது. அதனால் கடிகாரக் கணக்குப்படி இங்கே சூரியன் ஏறக்குறைய 14 நிமிஷம் பிந்தியே வருகிறான். தை பிறந்தால் வழி பிறக்கும் என்கிறோம்; ஆனால் தை பிறந்த பின்பும் சூரியோதயம் நாளுக்கு நாள் சிறிது பின்தள்ளிப் போய், ஜனவரிக் கடைசியில்தான் திரும்புகிறது. அந்த நாட்களில் ஆறரை மணிக்கு மேல்தான் உதயம். ஐந்து மணிக்குப் புறப்படுகிறவருக்கு வழி நெடுகிலும் இருட்டுத்தான்.

நமது குளிர்காலத்தை இரண்டு கூறாகப் பிரிக்கலாம். ஐப்பசியும் கார்த்திகையும் மழையின் பங்கு. மார்கழியும் தையும் பனியின் பங்கு. மழைப் பங்கில் சைக்கிளுக்குச் சத்துரு கரிசல் மண். கிளைச்சாலையில் பத்து கெஜம் போவதற்குள் சேறு சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு மட்கார்டுக்குள் புகுந்து அடைத்துவிடும். சக்கரம் சுழலாது. ஒரு குச்சியை ஒடித்துச் சேற்றைக் குத்தி எடுத்து, மறுபடி பத்து கெஜம். இறுதியில் மனிதன் சைக்கிள்மீது ஏறுவது போய், சைக்கிள் மனிதன்மீது ஏறிக்கொள்ளும். தோளில் அதைச் சுமந்துகொண்டு தார்ச்சாலை வரையில் நடப்பவர்களை இந்தப் பக்கத்தில் சர்வ சாதாரணமாகப் பார்க்கலாம்.

பனிப் பங்கில் வரும் தொல்லை இவ்வளவு வெளிப்படையானதல்ல. ஆனால் அதைவிடப் பொல்லாதது. மழை ஓய்ந்து வானம் தெளிகிறது. ஈரமான பூமி இரவெல்லாம் தன் சூட்டை வானத்தில் விட்டுவிட்டுக் குளிர்ந்துபோகிறது. காற்றும் அசைவதில்லை. அப்போது தரையை ஒட்டிய ஈரக் காற்று பனிமூட்டமாய்த் திரண்டு, வயலையும் ஏரியையும் சாலையையும் ஒரே வெள்ளைத் துணியால் மூடிவிடுகிறது. சில நாட்களில் எட்டு மணி வரையில்கூட அது விலகுவதில்லை.

வண்டியும் அந்தக் குளிரை உணராமல் இல்லை. வீட்டில் இருக்கிறதே என்று தேங்காயெண்ணெயைச் சங்கிலிக்கு விடுகிறவர்கள் உண்டு. தேங்காயெண்ணெயோ சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துபோகும் பொருள். மார்கழிக் காலையில் குளியலறைப் புட்டியில் அது என்ன கதியில் இருக்கிறதோ, அதே கதியில்தான் சங்கிலியிலும் இருக்கும்! தையல் இயந்திரத்துக்கு விடும் எண்ணெயே இதற்கும் உத்தமம். பிரேக் விஷயத்தில் இன்னும் அதிக ஜாக்கிரதை வேண்டும். இரும்பு ரிம்மின்மேல் பனிநீர் படிந்திருந்தால் ரப்பர் கட்டை சறுக்கும். முதல் இரண்டு மூன்று சுற்றுக்கள் ஈரத்தைத் துடைப்பதிலேயே கழிந்த பிறகுதான் அது பிடிக்கத் தொடங்கும். ஆகையால் பனி நாளில் வழக்கத்துக்கு இரண்டு பங்கு தூரம் முன்னதாகவே பிரேக்கை மெதுவாக அழுத்தத் தொடங்கிவிட வேண்டும்.

குளிர், சேறு, எண்ணெய், பிரேக் எல்லாம் சமாளிக்கக்கூடியவையே. உண்மையான அபாயம் வேறு. அதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், தை மாதத்தில் ஒரு நாள், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காலை வகுப்பு எடுப்பதற்காகச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். மூட்டம் பலமாக இருந்தது. முன்னால் ஒரு சிறு விளக்கு வைத்திருந்தேன், பின்னால் ஒன்றுமில்லை. எனக்கு வழி தெரிந்தால் போதும் என்பது என் எண்ணம். முதுகுக்குப் பின்னால் திடீரென்று லாரியின் இரைச்சல் கேட்டது. அடுத்த கணம் நான் சாலையோரத்துக் கருவேலம் புதரில் கிடந்தேன். லாரி என்னைத் தொடவில்லை; அது கிளப்பிய காற்றும் என்னுடைய பயமும் சேர்ந்து தள்ளிவிட்டன. டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. “நீங்க இருந்ததே தெரியலீங்களே, சார்!” என்றார். கோபித்துக்கொள்ள வாயைத் திறந்த எனக்கு வார்த்தை வரவில்லை. அவர் சொன்னது முற்றிலும் நிஜம். எனக்கு வழி தெரிந்தது. ஆனால் நான் பிறர் கண்ணுக்குத் தெரியவில்லை.

அன்று மாலை வகுப்பில் இதையே கணக்காகப் போட்டேன். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடுகிறது. மணிக்கு 12 கிலோமீட்டர் போகும் சைக்கிள் அதே விநாடியில் மூன்று மீட்டருக்குச் சற்று அதிகமாக முன்னேறுகிறது. மூட்டத்தில் 30 மீட்டர் தூரம்தான் கண்ணுக்குத் தெரிகிறது என்று வைத்துக்கொண்டால், டிரைவர் சைக்கிளைக் கண்டு, மனம் தெளிந்து, காலால் மிதித்து, வண்டியை ஒடிப்பதற்கு இருக்கும் அவகாசம் எவ்வளவு? இரண்டே கால் விநாடி! விடை கண்ட பிள்ளைகள் சற்று நேரம் பேசவேயில்லை. அவர்களில் பலர் வீட்டிலிருந்து யாராவது ஒருவர் அந்தச் சாலையில்தான் தினந்தோறும் வேலைக்குப் போகிறார்.

பழைய நாளில் விளக்கில்லாமல் சைக்கிள் விட்டால் போலீஸ்காரர் பிடித்துக்கொள்வார் என்ற பயம் இருந்தது. மண்ணெண்ணெய் விளக்கு போய் டைனமோ வந்தது. டைனமோ நல்ல சாதனந்தான். ஆனால் டயர் நனைந்தால் அது வழுக்கும். வண்டி நின்றால் விளக்கும் நின்றுவிடும். இக்காலத்தில் கட்டைவிரல் அளவே உள்ள சிவப்பு மின்விளக்குகள் எங்கும் கிடைக்கின்றன. நின்றாலும் அவை எரியும். ஒளியைத் திருப்பிக் காட்டும் சிவப்பு வில்லையும் வெள்ளைச் சட்டையும் இதற்குத் துணை.

இந்த எளிய வாகனத்தை நாம் அலட்சியமாய் நினைப்பதற்கில்லை. ஒரு காலத்தில் நம் நாட்டார் ஏறிய சைக்கிள்களில் பெரும்பாலானவை பர்மிங்ஹாமிலிருந்தும் நாட்டிங்ஹாமிலிருந்தும் கப்பலேறி வந்தவை. 1949-ல் சென்னையில் டி. ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி ஏற்பட்டு, அம்பத்தூரிலேயே வண்டிகள் உருவாகத் தொடங்கின. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்துக் கற்ற கிராமப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளும் கற்றார்கள். பின்னர் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசாங்கமே இலவசமாகச் சைக்கிள் கொடுக்கலாயிற்று. 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கெடுப்பில், சைக்கிளில் வேலைக்குச் செல்வதாகச் சொன்னவர்கள் இந்தியாவில் இரண்டரைக் கோடிக்கு மேல். தேசத்தின் வேலை இத்தனை பெடல்களின் மேலும் நடக்கிறது.

டென்மார்க்கின் தலைநகரமான கோபன்ஹேகனில் உறைபனி கொட்டும் நாட்களில், சைக்கிள் பாதைகளைச் சுத்தம் செய்வதற்கு நகரசபையார் முதன்மை கொடுக்கிறார்கள். நம் சாலையில் பனிக்கட்டியை வாருவதற்கு அவசியமில்லை. தார்ச்சாலையின் ஓரத்தில் மண் அரிக்காத ஒரு முழ அகலப் பாதை, கண்ணுக்குத் தெரியும் வெள்ளைக்கோடு, வளைவுகளில் விளக்கு ஆகிய மூன்றும் போதும். இவற்றைச் செய்யவேண்டியவர்கள் செய்யும்படி நாம் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.

அதுவரையில் நம் கையில் உள்ளதைச் செய்யலாம். உங்கள் வீட்டிலிருந்தோ, உங்கள் வீட்டுக்குப் பால் கொண்டு வந்தோ, விடியுமுன் சைக்கிளில் போகிறவர் ஒருவர் இருப்பார். இன்று மாலை அவருடைய வண்டியின் பின்புறத்தை ஒரு தடவை பாருங்கள். அங்கே சிவப்பு விளக்கு இல்லையானால், ஒரு குடும்பம் ஓட்டலில் ஒரு வேளைச் சிற்றுண்டி அருந்தும் செலவுக்குள் அதை வாங்கிப் பொருத்திவிடலாம்.

என் சைக்கிளில் இப்போது அது எரிகிறது. புதரில் விழுந்த மறுநாளே என் மனைவி வாங்கி மாட்டியது. மார்கழியில் வாசற்கோலத்தின் நடுவே விளக்கேற்றி வைத்த பிறகு, நான் புறப்படுமுன் அந்தச் சிவப்பு விளக்கையும் அவளே ஒரு முறை அழுத்திப் பார்க்கிறாள். இரண்டும் ஒரே பிரார்த்தனைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.