தமனிக்கூழ்மைத் தடிப்பு: முன்கணிப்பும் சிகிச்சையும்

தமனிக்கூழ்மைத் தடிப்பு என்பது தமனிகளின் உட்சுவரில் கொழுப்பு, அழற்சிச் செல்கள், நார்த்திசு, கால்சியம் ஆகியவை சேர்ந்து படிவுகளாகத் தடிக்கும் நாட்பட்ட நோயாகும். இது இதயத் தமனிகளில் ஏற்பட்டால் நெஞ்சுவலியும் மாரடைப்பும், கழுத்து மற்றும் மூளைத் தமனிகளில் ஏற்பட்டால் பக்கவாதமும், கால் தமனிகளில் ஏற்பட்டால் நடக்கும்போது கெண்டைக்கால் வலியும் உண்டாகலாம். இந்நோயை அடியோடு நீக்கும் மருந்து இதுவரை இல்லை. ஆயினும் படிவுகளின் வளர்ச்சியைக் குறைக்கவும், அவை வெடிக்காதபடி உறுதிப்படுத்தவும் இயலும். சிகிச்சையை இடைவிடாமல் தொடரும் நோயாளிகள் பலர் நீண்ட காலம் இயல்பாக வாழ்கின்றனர்.

நோய் உருவாகும் விதம்

இரத்தத்தில் எல்.டி.எல். கொலஸ்டிரால் அதிகமாக இருக்கும்போது அதன் துகள்கள் தமனியின் உட்படலத்தைக் கடந்து சுவருக்குள் தங்குகின்றன. அவற்றை விழுங்கும் வெள்ளணுக்கள் கொழுப்பு நிறைந்த நுரைச் செல்களாக மாறுகின்றன. இவை சேர்ந்து மென்மையான கொழுப்புக் கருவாகின்றன. அதன்மேல் நார்த்திசு ஒரு மூடியைப் போலப் படர்கிறது. புகைபிடித்தல், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவை உட்படலத்தைச் சிதைத்து இந்நிகழ்வை விரைவுபடுத்துகின்றன.

இந்நோய் முதுமையில் திடீரெனத் தோன்றுவதன்று. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்கப் படைவீரர்களின் இதயங்களை ஆராய்ந்து 1953இல் வெளியான அறிக்கை, அவர்களுள் ஏறத்தாழ 77 விழுக்காட்டினரின் இதயத் தமனிகளில் இந்நோயின் அடையாளங்கள் இருந்ததாகக் கூறியது. அவர்களின் சராசரி வயது சுமார் 22 மட்டுமே.

ஆபத்தின் இயல்பு

தமனி மெல்ல மெல்ல அடைபட்டு முழுமையாக மூடிக்கொள்வதே மாரடைப்பு என்று பரவலாகக் கருதப்படுகிறது. பெரும்பாலான மாரடைப்புகள் அவ்வாறு நிகழ்வதில்லை. படிவின் மேலுள்ள நார்மூடி கிழிந்து, உள்ளிருக்கும் கொழுப்பு இரத்தத்தைத் தொடும்போது அவ்விடத்தில் சில நிமிடங்களிலேயே இரத்தக்கட்டி உருவாகித் தமனியை அடைத்துவிடுகிறது. தமனியைப் பாதியளவுகூடச் சுருக்காத படிவும் இவ்வாறு வெடிக்கக்கூடும். அதனால் வலி இல்லை என்பது ஆபத்து இல்லை என்பதற்குச் சான்றாகாது. சிகிச்சையின் முதல் நோக்கம் அடைப்பை நீக்குவதைவிடப் படிவுகளை அமைதிப்படுத்துவதே ஆகும்.

முன்கணிப்பு

நோயாளியின் எதிர்காலம், எந்தெந்தத் தமனிகள் பாதிக்கப்பட்டுள்ளன, இதயத்தின் சுருங்கும் திறன் எவ்வளவு உள்ளது, நீரிழிவோ சிறுநீரக நோயோ உடன் உள்ளதா, இடர்க்காரணிகள் எந்த அளவுக்குக் கட்டுப்பாட்டில் உள்ளன என்பவற்றைப் பொறுத்து அமைகிறது. ஓரிடத்தில் இந்நோய் கண்டறியப்பட்டவருக்குப் பிற தமனிகளிலும் அது இருக்க வாய்ப்புண்டு. கால் தமனி அடைப்பு உள்ளவர்களுக்கு மாரடைப்பு இடர் மிகுந்திருப்பது இதனாலேயே.

52 நாடுகளில் நடத்தப்பட்டு 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, முதல் மாரடைப்புக்கான இடரில் சுமார் 90 விழுக்காட்டை அளவிடத்தக்க ஒன்பது காரணிகளால் விளக்க முடியும் எனக் காட்டியது. அவற்றுள் பெரும்பாலானவை மாற்றத்தக்கவை. தெற்காசியர்களுக்குப் பிற நாட்டவரைவிட ஏறத்தாழ ஐந்து, ஆறு ஆண்டுகள் முன்னதாகவே முதல் மாரடைப்பு வருவதும் அவ்வாய்வில் தெரியவந்தது.

மருந்துகள்

ஸ்டாட்டின்கள் இந்நோய்க்கான சிகிச்சையின் அடித்தளமாகும். ஜப்பானிய அறிவியலாளர் அகிரா எண்டோ 1970களில் பூஞ்சையிலிருந்து முதல் ஸ்டாட்டினைப் பிரித்தெடுத்தார். இதய நோயாளிகள் 4,444 பேரிடம் நடத்தப்பட்டு 1994இல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வில், சிம்வாஸ்டாட்டின் உட்கொண்டோரிடையே இறப்பு 30 விழுக்காடு குறைந்தது. எல்.டி.எல். அளவு ஒவ்வொரு 39 மி.கி./டெ.லி. குறையும்போதும் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரும் நிகழ்வுகள் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன. இடர் மிக அதிகமுள்ளோருக்கு 55 மி.கி./டெ.லி.க்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2019ஆம் ஆண்டுப் பரிந்துரை. ஸ்டாட்டின் மட்டும் போதாதபோது எசெட்டிமைப் மாத்திரையோ பி.சி.எஸ்.கே.9 தடுப்பு ஊசியோ சேர்க்கப்படுகிறது.

தசைவலி காரணமாகப் பலர் ஸ்டாட்டினை நிறுத்திவிடுகின்றனர். அவ்வாறு நிறுத்திய 60 பேரிடம் பிரிட்டனில் நடந்த சாம்சன் ஆய்வில், மருந்தற்ற போலி மாத்திரையை உட்கொண்ட மாதங்களிலும் ஸ்டாட்டின் மாதங்களில் தோன்றியதில் 90 விழுக்காடு அளவுக்குத் தொல்லைகள் பதிவாயின. எனினும் உண்மையான தசைப் பாதிப்பு சிலருக்கு ஏற்படுவதுண்டு. அவர்களுக்கு மருத்துவர் அளவைக் குறைக்கலாம் அல்லது மருந்தை மாற்றலாம்.

இரத்தக்கட்டி உருவாவதைத் தடுக்க ஆஸ்பிரின் அல்லது குளோபிடோக்ரெல் வழங்கப்படுகிறது. இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றுக்கான மருந்துகளும் உடன் தேவைப்படலாம்.

ஸ்டென்டும் பைபாஸும்

1967இல் ரெனே ஃபவலோரோ, கால் சிரையைக் கொண்டு செய்யும் பைபாஸ் அறுவை சிகிச்சையை அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் தொடங்கினார். 1977இல் ஆண்ட்ரியாஸ் குருன்சிக் சூரிச் நகரில் இதயத் தமனியைப் பலூனால் விரிக்கும் முதல் ஆஞ்சியோபிளாஸ்டியைச் செய்தார். விரித்த இடம் மீண்டும் சுருங்காதிருக்க வைக்கும் வலைக்குழாயே ஸ்டென்ட் ஆகும்.

மாரடைப்பு நிகழும் வேளையில் உடனடி ஆஞ்சியோபிளாஸ்டி உயிர்காக்கும் சிகிச்சை. நிலையான நெஞ்சுவலி உள்ளோரின் நிலை வேறு. அத்தகைய 5,179 பேரிடம் நடத்தப்பட்டு 2020இல் வெளியான இஸ்கீமியா ஆய்வில், மருந்துகளுடன் ஸ்டென்டோ பைபாஸோ பெற்றவர்களுக்கும், மருந்துகளுடன் தொடங்கியவர்களுக்கும் இடையே இறப்பிலோ மாரடைப்பிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நெஞ்சுவலி குறைவதில் முன்னவர்கள் பயனடைந்தனர். இடது முதன்மைத் தமனியில் கடுமையான அடைப்பு உள்ளோருக்கும், நீரிழிவுடன் பல தமனிகளில் அடைப்பு உள்ளோருக்கும் பைபாஸ் பெரும்பாலும் கூடுதல் நன்மை தருகிறது.

ஸ்டென்ட் சரிசெய்வது தமனியின் சில சென்டிமீட்டர் நீளத்தை மட்டுமே. பிற இடங்களில் உள்ள படிவுகள் அப்படியே இருக்கும். "அடைப்பை எடுத்தாகிவிட்டது" என்று மருந்தை நிறுத்துவது இதனால் ஆபத்தானது. குறிப்பாக இரத்தக்கட்டித் தடுப்பு மாத்திரைகளைத் தாமாக நிறுத்தினால் ஸ்டென்டினுள்ளேயே கட்டி உருவாகி உயிருக்கு ஆபத்து நேரலாம். பல் பிடுங்குவதற்காக நிறுத்த நினைத்தாலும் இதய மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டும்.

வாழ்க்கை முறை

புகைப்பதை விட்ட ஓராண்டில் இதய நோய்க்கான கூடுதல் இடர் ஏறத்தாழப் பாதியாகிறது. வாரத்திற்கு 150 நிமிடங்கள் வேகமான நடை, நாளுக்கு 5 கிராமுக்கு மேற்படாத உப்பு ஆகியவை உலக சுகாதார அமைப்பின் பரிந்துரைகள். தீட்டிய அரிசியின் அளவைக் குறைத்துப் பயறு, காய்கறி, கீரை, மீன் ஆகியவற்றைக் கூட்டுவதும், வனஸ்பதியையும் மீண்டும் மீண்டும் காய்ச்சிய எண்ணெயையும் தவிர்ப்பதும் நன்மை தரும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றில் மறைந்துள்ள உப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

சிகிச்சையைத் தொடர்தல்

கொலஸ்டிரால் அளவு இயல்புக்கு வந்ததும் நோய் குணமாகிவிட்டதாக எண்ணுவது பொதுவான தவறு. அந்த அளவு மாத்திரையால் வந்தது. நிறுத்தினால் சில வாரங்களில் பழைய நிலைக்குத் திரும்பும். தீவிர ஸ்டாட்டின் சிகிச்சையை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்தோரிடம் படிவுகள் சிறிதளவு சுருங்கியது 2006இல் வெளியான ஆஸ்டராய்டு ஆய்வில் பதிவானது. இச்சுருக்கம் சிறியதே. நார்மூடி தடித்து, கொழுப்புக் கரு குறைந்து, படிவு வெடிக்கும் வாய்ப்பு குறைவதே நோயாளி பெறும் பெரும்பயன்.

அவசர அறிகுறிகள்

நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவை மாரடைப்பின் அறிகுறிகள். பெண்களிடமும் நீரிழிவு நோயாளிகளிடமும் வலியின்றிக் களைப்பு, குமட்டல் மட்டும் தோன்றலாம். முகம் கோணுதல், ஒரு பக்கக் கை கால் தளர்தல், பேச்சுக் குழறல் ஆகியவை பக்கவாதத்தைக் குறிக்கும். வாயுத் தொல்லை என்று கருதிக் காத்திருக்காமல் உடனே அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். தமிழ்நாட்டில் அதற்கான எண் 108. இரத்தம் கிடைக்காத இதயத்தசையும் மூளைத்திசுவும் ஒவ்வொரு நிமிடமும் அழிவதால், விரைவாகத் தொடங்கும் சிகிச்சையே பிந்தைய வாழ்க்கையின் தரத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது.