லயன் காம்பிராவுக்குள் சப்வூபர்: இணைப்பதும் சமநிலைப்படுத்துவதும்

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, சில்லைச் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் பாட்டும் செய்தியும் கேட்டவர்கள் நாங்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அடித்தொனி என்று ஒன்று இருக்கவே இல்லை. இன்று ராகலை நகரத்தில் தீபாவளி முற்பணம் கைக்கு வந்த கிழமையில் கடைகளின் முன்னால் நின்று பார்த்தால், பெரிய அட்டைப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்கு ஏறுபவர்களைக் காணலாம். உள்ளே இருப்பது இரண்டு சிறிய ஸ்பீக்கரும் ஒரு சப்வூபரும். வீட்டுக்குப் போனதும் இரண்டு முறைப்பாடுகள் எழும்: பாட்டு தெளிவாக இல்லை என்று வீட்டார், சுவர் அதிருகிறது என்று பக்கத்துக் காம்பிராக்காரர். இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்.

முதலில் பெட்டியில் எழுதியிருக்கும் வாட் கணக்கை நம்பாதீர்கள். 'பி.எம்.பி.ஓ.' என்று ஆயிரக்கணக்கில் போட்டிருப்பது விற்பனைக்கான எண். 'ஆர்.எம்.எஸ்.' என்று சிறிய எழுத்தில் இருப்பதுதான் அந்தச் செட் தொடர்ந்து கொடுக்கக்கூடிய வலு. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைக்கு 20, 30 வாட் ஆர்.எம்.எஸ். தாராளம்.

சப்வூபரில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் அம்பிளிபயர் பெட்டிக்குள்ளேயே இருக்கும். தனி மின் வயர் வரும். இதற்கு அம்பிளிபயரின் 'சப் அவுட்' அல்லது 'பிரீ அவுட்' துவாரத்திலிருந்து ஆர்.சி.ஏ. வயரைக் கொடுக்க வேண்டும். அப்படித் துவாரம் இல்லாத பழைய அம்பிளிபயர் என்றால், சப்வூபரின் பின்னால் ஸ்பீக்கர் வயர் பூட்டும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இடது, வலது ஸ்பீக்கர் வயர்களை அங்கே கொண்டுபோகலாம். ஸ்பீக்கர் வெளியீட்டை வெட்டி ஆர்.சி.ஏ. துவாரத்துக்குள் கொடுப்பது மட்டும் வேண்டாம். உள்ளே இருக்கும் சர்க்கிட் கருகிவிடும்.

மற்ற வகை வெறும் பெட்டியும் ஸ்பீக்கரும். அதை ஏற்கெனவே இருக்கும் ஸ்பீக்கரோடு ஒன்றாக முறுக்கிப் பூட்டுவதால்தான் பல செட்டுகள் திருத்தும் கடைக்குப் போகின்றன. 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டைச் சமாந்தரமாகப் பூட்டினால் அம்பிளிபயருக்குத் தெரிவது 2 ஓம். 4 ஓமுக்குக் கீழே போகக்கூடாது என்று எழுதிய அம்பிளிபயர் அதைத் தாங்காது. சூடேறி நிற்கும், இல்லையென்றால் எரியும். இந்த வகைக்குத் தனி அம்பிளிபயர் தேவை.

சிவப்பு, கறுப்பு மாறக்கூடாது. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறினால் ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். அடித்தொனி காணாமல் போகும், பாடுபவரின் குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. வயரில் நிறம் அழிந்திருந்தால் ஸ்பீக்கரை அம்பிளிபயரிலிருந்து கழற்றி, 1.5 வோல்ட் பற்றரியை அதன் வயர்களில் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். கூம்பு வெளியே வந்தால் பற்றரியின் பிளஸ் பட்ட வயர்தான் சிவப்பு. அடைத்த பெட்டிக்குள் இருக்கும் சின்ன ட்வீட்டரில் இதைச் செய்ய வேண்டாம்.

இனிக் குமிழ்கள். 'கிராஸ்ஓவர்' என்பது எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே சப்வூபர் வேலை செய்ய வேண்டும் என்பதைச் சொல்லும். நல்ல பெரிய ஸ்பீக்கரோடு 80 ஹெர்ட்ஸ் என்பது பரவலான கணக்கு. மூன்று, நான்கு அங்குல ஸ்பீக்கர் என்றால் 120 வரை போக வேண்டியிருக்கும். அதற்கு மேலே ஏற்றினால் செய்தி வாசிப்பவரின் குரல் பீப்பாய்க்குள்ளிருந்து வருவது போலிருக்கும், ஏனென்றால் ஆண் குரலின் அடிப்படைத் தொனியே ஏறத்தாழ 85 முதல் 180 ஹெர்ட்ஸுக்குள் இருக்கிறது. 'பேஸ்' சுவிட்சை 0 விலும் 180 இலும் மாறி மாறி வைத்துக் கேளுங்கள். உட்காரும் இடத்தில் எதில் அடித்தொனி நிறைவாகக் கேட்கிறதோ அதுவே சரி. சத்தக் குமிழைப் பூச்சியத்திலிருந்து மெதுவாக ஏற்றி, சப்வூபர் இருப்பது தெரிய ஆரம்பித்ததும் ஒரு துளி குறைத்து விடுங்கள்.

இத்தனையும் செய்த பிறகும் ஒரு குறிப்பிட்ட சுரம் வரும்போது மட்டும் அறை 'உம்'மென்று முழங்கும். அது செட்டின் பிழையல்ல, அறையின் அளவு. ஒலி செக்கனுக்குச் சுமார் 340 மீற்றர் போகிறது. பன்னிரண்டடி நீளத்துக்கும் பத்தடி அகலத்துக்கும் கணக்குப் பார்த்தால், ஏறக்குறைய 46 ஹெர்ட்ஸிலும் 56 ஹெர்ட்ஸிலும் அந்த அறை தானாகவே கூட முழங்கும். பேஸ் கிற்றாரின் மிகத் தடித்த நரம்பு 41 ஹெர்ட்ஸ். அதற்கு அடுத்த சில சுரங்கள் நேரே இந்த இடத்தில் வந்து விழுகின்றன. முழக்கம் சுவரோரத்தில் மிகக் கூடுதல், நடு அறையில் மிகக் குறைவு. மூலையில் வைத்தால் அறை முழு வேகத்தில் சேர்ந்து முழங்கும். கடைக்காரர்கள் மூலையில் வைக்கச் சொல்வது சத்தம் பெரிதாகத் தெரிவதற்காக. லயனுக்கு அது தவறான ஆலோசனை என்பேன்.

சரியான இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி: சப்வூபரை நீங்கள் வழக்கமாக உட்காரும் கதிரையில் வைத்துப் பாட்டைப் போடுங்கள். பிறகு சுவர் ஓரமாகக் குனிந்து நடந்து, அடித்தொனி ஒரே சீராகக் கேட்கும் இடத்தில் பெட்டியை வையுங்கள். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். பரவாயில்லை.

அந்த இடம் பக்கத்துக் காம்பிராவோடு பொதுவான சுவராக இருக்கக்கூடாது. இஸ்தோப்புப் பக்கத்து வெளிச்சுவர் நல்லது. உயர் தொனிகளை ஒரு சாதாரணச் சுவர் கூட நன்றாகத் தடுக்கும். அதிர்வெண் பாதியாகும்போது சுவரின் தடுப்பும் ஏறக்குறைய 6 டெசிபெல் குறைந்துகொண்டே போகிறது. அதனால் உங்களுக்குக் கேட்பது பாட்டு, அடுத்த வீட்டுக்குப் போவது அடி மட்டும். இராகமும் இல்லை, சொல்லும் இல்லை. 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறி, கடைசி யுத்தம் வரை அங்கே அகப்பட்டுத் திரும்பியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பாட்டாக வராமல் சுவர் வழியே 'டொம்' என்று மட்டும் வரும் ஒலி அவர்களில் சிலருக்கு என்னவாகக் கேட்கும் என்று நம் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பழைய ரப்பர் செருப்பைத் துண்டாக்கிப் பெட்டியின் நான்கு காலுக்கும் கீழே வைத்தால் தரை வழியாகப் போகும் அதிர்வு குறையும். காற்று வழியாகப் போவதற்கு மருந்து, சத்தக் குமிழ்தான். சில பழைய லயன்களில் இடைச்சுவர் கூரை வரை போவதுமில்லை. பொது இடங்களில் ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அனுமதி வழங்கக்கூடாது என்று 2007இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. விடிய முன் எழும்பிப் பேராட்டுக்குப் போகிறவர்கள் இருக்கும் லயனில், வீட்டுக்குள்ளும் அதே நேரக் கணக்கை வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது இடது வலது சமநிலை. ஒரு ஸ்பீக்கரை டீவிக்குப் பக்கத்திலும் மற்றதைக் குசினி வாசலுக்கு மேலும் மாட்டிவிட்டு 'பலன்ஸ்' குமிழைத் திருகிப் பயனில்லை. இரண்டும் ஒரே உயரத்தில், காதளவில், உட்காருபவரிடமிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். குமிழை நடுவில் வைத்து, ஐம்பது அறுபதுகளின் பழைய பாட்டு ஒன்றைப் போடுங்கள். அவற்றில் பெரும்பாலானவை மோனோ. இரு பக்கமும் ஒரே ஒலி வருவதால் குரல் நடு மையத்தில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் முதலில் ஸ்பீக்கரை நகர்த்துங்கள், குமிழை அதன் பிறகு தொடுங்கள். ஒரு பக்கம் யன்னல் திரை, மறுபக்கம் வெறுஞ்சுவர் என்றிருக்கும் அறையில் மட்டும் குமிழைச் சிறிது திருப்ப வேண்டி வரும். பிறகு 1978இன் 'ப்ரியா' போல ஸ்டீரியோவில் பதிவான பாடல்களைப் போட்டால் வாத்தியங்கள் இரு பக்கமும் பிரிந்து நிற்பது தெரியும். ஒரு காது மந்தமானவர் வீட்டில் இருந்தால், எறிகணைச் சத்தத்தில் அப்படியானவர்கள் பலர், அம்பிளிபயரில் 'மோனோ' சுவிட்ச் இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். பாட்டில் பாதி அவருக்குத் தொலையாது.

பாட்டு இல்லாத நேரத்திலும் சப்வூபர் 'ங்ங்' என்று முனகினால் அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் குரல். செட்டையும் டீவியையும் ஒரே பிளக் பலகையில் செருகுங்கள், ஆர்.சி.ஏ. வயரை மின் வயரிலிருந்து தள்ளி வையுங்கள். எர்த் கம்பியை வெட்டி முனகலை நிறுத்துபவர்கள் உண்டு, அது உயிராபத்து. ராகலைப் பனியில் ஆர்.சி.ஏ. முனைகளில் களிம்பு பிடிக்கும், மாதம் ஒரு முறை கழற்றித் துடைத்துப் பூட்டினால் கரகரப்பு வராது. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி தொடங்கும் முன்னரே பிளக்கையும் அன்ரனா வயரையும் கழற்றிவிடுங்கள். சுவிட்சை மட்டும் நிறுத்துவது போதாது.