நரம்பும் விரலும் – 9: மீட்டாத வலது கை

அபுதாபியில் 2008-ல் ‘பைத் அல் ஊத்’ என்ற இசைப்பள்ளியைத் தொடங்கி வைத்தவர் நசீர் ஷம்மா. 1963-ல் இராக்கின் குத் நகரில் பிறந்தவர். இரான்–இராக் போரில் கை இழந்தவர்களை மனத்தில் வைத்து, ஊத் என்னும் தந்தி வாத்தியத்தை ஒரே கையால் வாசிக்கும் முறையை அவர் உருவாக்கினார்.

மீட்டும் கைக்கு அதில் வேலையே இல்லை. இடது கை விரல் தந்தியின் மேல் சட்டென்று விழும்போது ஒரு ஸ்வரம்; எழும்போது தந்தியைச் சுண்டிவிட்டுப் போவதால் இன்னொன்று. கிட்டார்காரர்கள் ஹாமர்-ஆன், புல்-ஆஃப் என்பது இதைத்தான்.

விரலில் பலமில்லை என்று ஸ்பிரிங் கருவியை வாங்கி அமுக்கிக்கொண்டிருப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். விரலை மடக்கும் முக்கியத் தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து தசைநார்கள் வழியாகத்தான் இழுப்பு வருகிறது. தந்தியில் ஒலி எழ வேண்டியது வேகமும் சரியான இடமும். கிட்டாரில் ஃப்ரெட்டை, அதாவது கழுத்தின் குறுக்குக் கம்பியை, ஒட்டிப் பின்னால் அழுத்தினால் லேசான அழுத்தமே போதும். தள்ளி அழுத்தினால் அதிகம் முக்க வேண்டும், இல்லாவிட்டால் கரகரப்புதான் மிஞ்சும்.

ஊத்தில் ஃப்ரெட் கிடையாது. விரல் சற்று நகர்ந்தாலும் சுருதி போய்விடும். ஆகவே அங்கே இடம்தான் முதல் பாடம். அந்தப் பாடத்துக்கு நவீன வடிவம் கொடுத்தவர் இஸ்தான்புல்லில் பிறந்த ஷெரீப் முஹியித்தீன். செல்லோவும் வாசித்த அவர், அந்த வாத்தியத்தின் இடது கை முறையை ஊத்துக்குக் கொண்டுவந்தார். 1936-ல் தொடங்கிய பாக்தாத் இசைக்கல்லூரியில் அவரிடம் கற்றவர்கள்தான் ஊத் கலைஞர்கள் ஜமீல் பஷீரும் முனீர் பஷீரும்.

கிட்டாரில் எல்லோரையும் படுத்துவது மோதிர விரல். நடுவிரலை மடக்கி, கையை மேசையில் ஊன்றி, மோதிர விரலை மட்டும் தூக்கிப் பார்த்தால் புரியும்: அசையவே மறுக்கும். புறங்கையில் தசைநார்கள் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதே காரணம். சோம்பேறித்தனம் என்று பிள்ளையைத் திட்டுவதில் நியாயமில்லை. ஐந்தாம் ஃப்ரெட்டிலிருந்து ஃப்ரெட்டுக்கு ஒரு விரலாக நான்கையும் வைத்து, மெதுவாக, தந்தியை விட்டு அதிகம் எழாமல் வாசித்துப் பழகலாம். கட்டை விரல் கழுத்தின் பின்னால் சும்மா தாங்கினால் போதும். வலித்தால் நிறுத்திவிட வேண்டும். வலியைப் பொறுத்துக்கொள்வது பயிற்சி ஆகாது.

சில வீடுகளில் குற்றவாளி கையே அல்ல, கிட்டார்தான். ஏசி அறையின் வறண்ட காற்றுக்கும் ஆகஸ்ட் மாதக் கடற்கரைப் புழுக்கத்துக்கும் நடுவே மாறிமாறிப் போய்வரும் மரம் சுருங்கும், ஊதும். தந்தி பலகையிலிருந்து உயர்ந்துவிட்டால் பெரியவர் விரலுக்கே நோகும். பத்து வயதுப் பிள்ளை என்ன செய்யும்? கடையில் உயரத்தைச் சரிசெய்து, பன்னிரண்டாம் எண்ணுக்குப் பதில் மெல்லிய பத்தாம் எண் தந்தி மாட்டினால் பாதிப் போராட்டம் அன்றே குறையும்.

மெல்லிய தந்தியை மட்டமாகப் பேசுகிறவர்களும் உண்டு. பிளாக் சாபத் இசைக்குழுவின் கிட்டார்காரர் டோனி ஐயோமி இடது கைக்காரர். 17 வயதில் பர்மிங்ஹாம் தகட்டுத் தொழிற்சாலையில், தந்தியை அழுத்தும் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். பிளாஸ்டிக்கை உருக்கித் தானே விரல் உறை செய்துகொண்டார். மெல்லிய தந்தி கிடைக்காமல் பாஞ்ஜோ தந்தியை மாட்டினார். பிறகு சுருதியையும் இறக்கினார். ஹெவி மெட்டலின் கனத்த ஒலி அந்தத் தளர்ந்த தந்திகளிலிருந்துதான் வந்தது.