கூட்டுப் படத்தொகுப்பில் ஊடக வள மேலாண்மை மென்பொருள்: கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலைக் களக் காணொலிகளை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

களப்பணியில் பதிவாகும் காணொலிகளைப் பலர் சேர்ந்து தொகுக்கும்போது, காட்சிக்கும் அதனைப் பற்றிய செய்திக்கும் உள்ள தொடர்பு அறுபடுகிறது. ஊடக வள மேலாண்மை மென்பொருள் அத்தொடர்பைக் காக்கும் முறையினை, கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் தெருக்கூத்து, மலையாளிப் பழங்குடியினர் வழக்காறு, கூவாகம் விழா ஆகியவற்றின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: களக் காணொலி, கூட்டுப் படத்தொகுப்பு, மீத்தரவு, ஒருங்குறி, தகவலாளர் இசைவு

முன்னுரை

நாட்டார் வழக்காற்றியல் ஆய்வில் காணொலி இன்று மூலச்சான்றாகவே கொள்ளப்படுகிறது. அதன் பருமனோ எழுத்துப் பதிவைப் போன்றதன்று. இரவு முழுவதும் நிகழும் தெருக்கூத்து ஒன்றை இரண்டு கேமராக்களில் எட்டு மணி நேரம் பதிவு செய்வதாகக் கொள்ளலாம். நொடிக்கு 50 மெகாபிட் அளவில் ஒரு மணி நேரக் காட்சிக்கு 22.5 ஜி.பி. இடம் வேண்டும். ஓர் இரவுக்கு 360 ஜி.பி.; பத்து இரவுகள் தொடரும் பாரதக் கூத்தாயின் 3,600 ஜி.பி. இவ்வளவையும் ஒருவரே பார்த்துத் தொகுத்தல் அரிது. ஆதலின் பணி பலரிடம் பிரிகிறது. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

தொகுப்புக் கோப்பின் இயல்பு

படத்தொகுப்பு மென்பொருள் உருவாக்கும் திட்டக் கோப்பில் படம் இருப்பதில்லை. எந்த வன்தட்டில், எந்தக் கோப்புறையில், எந்தப் பெயருடைய காட்சியின் எந்த நொடி முதல் எந்த நொடி வரை என்னும் முகவரிகளே அதில் உள்ளன. கோப்புறையின் பெயர் மாறினால் முகவரி பிழைபடும். திரையில் காட்சி இல்லை என்னும் அறிவிப்புத் தோன்றும். இது வெளிப்படையான பிழையாதலின் பெருங்கேடு இல்லை.

பிழையான காட்சி ஓசையின்றி வந்து பொருந்துவதே பெருங்கேடு. நினைவட்டையை அழித்தபின் கேமராக்கள் பல, கோப்புகளுக்கு மீண்டும் முதல் எண்ணிலிருந்தே பெயரிடுகின்றன. முதல் இரவிலும் '00001' உண்டு. ஐந்தாம் இரவிலும் உண்டு. பெயரை மட்டும் நம்பி மறுஇணைப்புச் செய்தால், ஓரிரவின் உரையாடல் நிற்க வேண்டிய இடத்தில் மற்றோர் இரவின் காட்சி வந்து அமரக்கூடும். ஒரே ஆட்டக்குழு, ஒரே ஒப்பனை எனின் தொகுப்பவர் அதனைக் கண்டறிவது கடினம். பாடவேறுபாட்டை ஆராய்பவருக்கோ அது பொய்ச்சான்றாகிவிடும்.

ஊடக வள மேலாண்மை மென்பொருள் இதனை அடிப்படையிலேயே தவிர்க்க முயல்கிறது. காட்சி உள்ளே வரும்போதே அதற்கு நிலையான அடையாள எண் வழங்கப்படுகிறது. கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பெண்ணையும் சேர்த்துப் பதிந்துகொண்டால், பெயரோ இடமோ மாறினாலும் கோப்பை இனங்காணலாம். நகலெடுக்கையில் சிதைந்ததா என்பதையும் அறியலாம்.

தமிழ்ப் பெயரிடலில் தனிச்சிக்கல் ஒன்று உண்டு. 'கோமுகி' என்று கோப்புக்குப் பெயரிடுவதாகக் கொள்வோமாயின், 'கோ' என்பதன் ஓகாரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஏகாரக் குறியும் ஆகாரக் குறியும் சேர்ந்த இரண்டாகவும் எழுதலாம். மேக் கணினிகளின் பழைய கோப்பமைப்பு அதனை இரண்டாகப் பிரித்தே சேமித்தது. கண்ணுக்கு ஒன்றாயினும் வேறொரு கணினியில் இவை இரு பெயர்களாகக் கொள்ளப்படலாம். கோப்புக்கு எண்ணும், தமிழ்ப் பெயருக்கு மீத்தரவுப் புலமும் எனப் பிரித்துக்கொள்வதே ஏற்புடையது.

ஒரே திட்டத்தில் பலர்

மூலக் காட்சியை அனைவருக்கும் அனுப்ப வேண்டுவதில்லை. நொடிக்கு 2 மெகாபிட் அளவிலான சிறு நகல் எடுத்தால், எட்டு மணி நேரக் காட்சி 7.2 ஜி.பி.யில் அடங்கும். அதில் தொகுத்து, முடிவில் மூலத்தோடு இணைப்பர். ஒருவர் திருத்தும் பகுதியைப் பிறர் அழித்துவிடாதிருக்கப் பூட்டு முறை உண்டு. அவிட், டாவின்சி ரிசால்வ் ஆகியவற்றில் காட்சித்தொகுதி பூட்டப்படும். பிரீமியர் புரோவின் 'புரொடக்ஷன்ஸ்' முறையில் திட்டக் கோப்பே பூட்டப்பட்டு, ஏனையோர் பார்க்க மட்டும் இயலும்.

பெயரும் இடமும்

பூட்டும் எண்ணும் கணினியின் பொறுப்பு. மீத்தரவோ ஆய்வாளரின் பொறுப்பு. கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழ் பேசுவோர்; தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாக மரபுக்கதை கூறுவோர். பட்டியலில் 'மலையாளி' என்று மட்டும் குறித்தால், தேடுபவர் கேரளத்தைச் சென்றடைவார். இனக்குழுப் பெயர், பேச்சுமொழி, மலை, ஊர் எனத் தனிப்புலங்கள் இங்கு இன்றியமையாதவை.

இடப்பெயரிலும் இத்தகைய நிலையே. 1993இல் தென்னார்க்காடு பிரிந்து விழுப்புரம் மாவட்டம் தோன்றியது, அதிலிருந்து 26.11.2019 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. எனவே வெள்ளிமலையில் எடுத்த பதிவுகள் காலத்திற்கேற்ப மூன்று மாவட்டப் பெயர்களில் கிடக்கலாம். பழைய பெயரை அழித்துப் புதியதை இடுவது தவறு. பதிவுக் காலப் பெயரையும் இன்றைய பெயரையும் புவியிட எண்ணையும் சேர்த்தே வைத்தல் வேண்டும்.

இசைவும் விலக்கலும்

உளுந்தூர்பேட்டை வட்டத்துக் கூவாகத்தில் சித்திரை மாதம் நிகழும் கூத்தாண்டவர் விழா, திருநங்கையர் பெருந்திரளாகக் கூடும் விழாவாகும். தாலி கட்டும் நிகழ்வும் மறுநாள் தாலி அறுக்கும் சடங்கும் பலமுறை படமாக்கப்பட்டுள்ளன. முகம் காட்ட இசைந்த ஒருவர், குடும்பச் சூழலால் பின்னர் அவ்விசைவைத் திரும்பப் பெறக்கூடும். அப்போது எழும் வினா எளியது: அவர் முகம் எந்தெந்தக் காட்சியில், எந்தெந்தத் தொகுப்பில் உள்ளது? தனித்தனி வன்தட்டுகளில் பணிபுரியும் குழுவால் இதற்கு விடை கூற இயலாது.

இசைவுப் படிவத்தைக் காட்சியின் அடையாள எண்ணோடு இணைத்து வைத்திருந்தால் விடை கிடைக்கும். ஆக்ஸ்ஃபாம் அமைப்புக்காக 2006இல் உருவாகிய ரிசோர்ஸ்ஸ்பேஸ் என்னும் கட்டற்ற மென்பொருளில், ஒவ்வொரு வளத்தையும் திறந்தது, வரையறுக்கப்பட்டது, மறைவானது என வகைப்படுத்தலாம். பல்கலைக்கழகத் துறையொன்று உரிமக் கட்டணமின்றித் தொடங்க இது போதும். ஆயின் தொகுப்புத் திட்டத்துடனான இணைப்பைக் குழுவினரே பதிந்துவர வேண்டும். எக்காட்சி எத்தொகுப்பில் பயன்பட்டது என்பதைத் தாமே காட்டும் வணிக மென்பொருள்களும் உள.

எனினும் இணையத்தில் ஏற்றப்பட்ட படத்தை எம்மென்பொருளும் மீட்டுத் தராது. பிறர் எடுத்துக்கொண்ட நகல்கள் அதன் ஆளுகைக்கு அப்பாற்பட்டவை. ஆதலின் இசைவுப் புலம் நிரப்பப்படாத காட்சி, தொகுப்பாளரின் திரைக்கே வராதவாறு தொடக்கத்திலேயே தடுப்பு அமைத்தல் வேண்டும்.